‘கொஞ்சம் இடத்தைப் பாத்துக்கங்க, அக்கா’

கேள்வி:

“மிஸ், நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 38. கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2019 உயிர்த்த ஞாயிறு பூசைக்கு அக்காவோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போயிருந்தேன். என் மகனுக்கு அப்போது மூன்று வயது. வெக்கை தாங்காமல் அழத் தொடங்கினான். ‘கொஞ்சம் இடத்தைப் பாத்துக்கங்க, அக்கா’ என்று சொல்லிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சில நிமிடத்தில் குண்டு வெடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா போய்விட்டா.

அந்த ஒரு வசனம்தான் ஒவ்வொரு இரவும் கேட்கிறது. நான் சொன்னதால்தானே அவ அங்கேயே இருந்தா? பட்டாசு, டயர் வெடிக்கிற சத்தம் எதையும் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு இறங்காது. அக்காவின் சிங்கர் தையல் மெஷின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பழைய பெட்ஷீற்றால் மூடி வைத்தது, இன்னும் திறக்கவில்லை. போன மாதம் அலுவலகத்தில் மன அழுத்தம் பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, ‘ஐ லவ் மைசெல்ஃப்’ என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். எனக்குக் குமட்டியது. வாஷ்ரூமுக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். என் மேல் எனக்கே இரக்கம் வரவில்லை என்றால் நான் எப்படிப்பட்ட ஆள்? அக்கா இல்லாதபோது நான் என்னை நேசிப்பது சுயநலம் இல்லையா? மகனுக்கு இப்போது பத்து வயது. போன கிழமை, ‘நான் அழுததாலதானே பெரியம்மா அங்க தனியா இருந்தாங்க?’ என்று கேட்டான். ‘இல்லடா, நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். பதில் எழுதுவீர்களா?”

– வாசகி, கொழும்பு 13

பதில்:

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எந்த வேலையையும் தொடாமல் இருந்தேன். நீங்கள் என்னை ‘மிஸ்’ என்று அழைத்திருக்கிறீர்கள். எனக்கு எழுதும் பெண்கள் பெரும்பாலும் ‘அக்கா’ என்றுதான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லை நீங்கள் ஒருவருக்கு மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று விளங்கியது. அது அவருக்கே இருக்கட்டும். நானும் உங்களைத் தங்கச்சி என்று கூப்பிடப்போவதில்லை.

முதலில் அந்தக் குமட்டலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுத்திருக்கிறீர்கள். அது அப்படியல்ல. மனவடுவோடு வாழும் பலருக்கு இதுவே நடக்கிறது. தன்பரிவு என்று நாங்கள் சொல்வதை 2003 இல் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு வரையறுத்தார். தன்னிடம் கனிவாக நடப்பது, இந்தத் துன்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதராய்ப் பிறந்தவர்களுக்கு வருவது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருப்பிக்காமலும் உள்ளபடி பார்ப்பது, இவை சேர்ந்ததுதான் அது. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அவரும் கிறிஸ்டோஃபர் ஜேர்மர் என்ற உளவியலாளரும் இதைப் பயிற்சியாகக் கற்பிக்கத் தொடங்கியபோது, சிலருக்குக் கனிவு உள்ளே போனதும் வலி குறையாமல் கூடுவதைக் கண்டார்கள். தீயணைப்புப் படையினரின் சொல் ஒன்றை எடுத்து அதற்கு ‘பேக்ட்ராஃப்ட்’ என்று பெயர் வைத்தார்கள். புறக்கோட்டையில் பூட்டிய கடைக்குள் தீப்பிடித்தால் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் நெருப்பு, காற்றுப் பட்ட கணமே ஆளை நோக்கிப் பாயும். நீங்கள் பல வருடமாகப் பூட்டி வைத்த கடையின் ஷட்டரை அன்றைக்கு, சக ஊழியர்கள் சுற்றியிருக்க, ஒரே இழுப்பில் தூக்கச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நெஞ்சில் கை வைக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். சின்ன வயதிலிருந்து பூசையில் நீங்கள் எதற்காக நெஞ்சில் கை வைத்திருக்கிறீர்கள்? ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று தட்டிக்கொள்வதற்கு. முப்பது வருடப் பழக்கம் அது. பட்டறை நடத்தியவருக்கு நெஞ்சில் கை என்பது ஆறுதல். உங்கள் உடம்புக்கோ அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சைகை. கண்ணை மூடச் சொன்னதும் சரியில்லை. வெடிப்பைக் கண்டவர் கண்ணை மூடினால் இருட்டு மட்டும் வருவதில்லை, அந்தக் காட்சியும் வரும். நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் அறையில் யார் என்ன சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்காமல், எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கரண்டியால் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆகவே, உங்களுக்கு இரக்கம் வரவில்லை என்பது பிழை. வந்த வழி உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்கு ஒன்பது வயது, வெள்ளவத்தையில் இருந்தோம். அப்பாவுக்குக் காலையிலிருந்து தலையிடி. வேலைக்குப் போவதா விடுவதா என்று வாசலில் நின்று யோசித்தார். அம்மா சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக் கையில் கொடுத்து, “போனா சரியாப் போயிடும், போட்டு வாங்கோ” என்று அனுப்பினார். அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். நாங்கள் பக்கத்துச் சிங்கள வீட்டின் பின்னறையில் இரண்டு இரவு ஒளிந்திருந்தோம். அப்பா மூன்றாம் நாள் இரத்மலானை விமான நிலையத்து அகதி முகாமில் கிடைத்தார். தலையில் கட்டு, ஆனால் உயிரோடு. கவனியுங்கள், உயிரோடுதான் கிடைத்தார். அப்படியிருந்தும் அதற்குப் பிறகு என் அம்மா யாருக்குமே சாப்பாட்டுப் பார்சல் கட்டவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை, தம்பிக்கு ரியூஷனுக்கு இல்லை. காசு தந்து கடையில் வாங்கச் சொல்வார். சோம்பல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நான் உளவளத்துணை படித்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், “ஏன் அம்மா?” என்று கேட்டேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், “நான்தானே அனுப்பினனான்” என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை.

இத்தனை வருடம் இந்த வேலை செய்தபிறகு அம்மாவின் அந்த இரண்டு சொல்லை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். அன்றைக்குத் தெருவில் கத்தியோடும் பெற்றோல் கானோடும் வந்தவர்களுக்கு முன்னால் அம்மாவின் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. ஒன்றுமே இல்லை என்பதை மனித மனம் தாங்காது. ‘என் பிழை’ என்று வைத்துக்கொண்டால் குறைந்தது ஒரு நூல் கையில் இருக்கும்: அனுப்பாமல் விட்டிருக்கலாம், அடுத்த முறை அனுப்பாமல் விடலாம். குற்றவுணர்வு சுடும், ஆனால் கைவிடப்பட்ட உணர்வை விட அது பரவாயில்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், சொன்னால் விளங்கும்: வேறு எவருடைய கடனையோ உங்கள் பெயரில் எழுதி, வட்டியும் நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

‘கொஞ்சம் இடத்தைப் பாத்துக்கங்க’ என்பது கொழும்பில் எந்தப் பெருநாள் பூசையிலும் எத்தனையோ தடவை கேட்கிற வசனம். கைக்குழந்தையோடு வரும் ஒவ்வொரு தாயும் சொல்வது. அதைச் சொன்ன அந்த நொடியில் உங்களுக்குத் தெரிந்திருந்ததெல்லாம் பிள்ளைக்கு வேர்க்கிறது, திரும்பி வரும்போது உட்கார இடம் வேண்டும், இவ்வளவே. இன்றைக்கு உங்களுக்குத் தெரிவதை வைத்து அன்றைக்கு இருந்த உங்களை விசாரிக்கிறீர்கள். அந்த நாளில் யார் எதைத் தெரிந்திருந்தும் தடுக்காமல் விட்டார்கள் என்பதை இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் விசாரித்தது. 2023 ஜனவரி 12 இல் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அப்போதைய உயர் அதிகாரிகள் சிலர் வேறு வேறு தொகைகளும் நட்டஈடாகக் கட்ட வேண்டும் என்று தீர்த்தது. குண்டைச் சுமந்து வந்தவன் ஒருவன். தடுத்திருக்க வேண்டியவர்கள் வேறு. இந்த இரண்டு வரிசையிலும் நீங்கள் இல்லை.

இதை வாசித்ததும், ‘அது எனக்கும் தெரியும் மிஸ், ஆனா மனசு கேட்குதில்லையே’ என்று சொல்வீர்கள். கேட்காதுதான். தன்னைத்தானே பிழையாகக் குற்றம் சுமத்திக்கொள்வதை 2013 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடு மனவடு நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்தது. காய்ச்சலில் உடம்பு சுடுவது போல, மனவடுவில் மனம் தன்னைச் சுடுகிறது. டெங்குக் காய்ச்சல்காரரிடம் போய் “உடம்பைச் சுடாமல் வைத்துக்கொள்” என்று யாரும் சொல்வதில்லை. உங்களிடம் மட்டும் ‘அப்படி நினைக்காதே’, ‘மறந்திடு’, ‘கடவுள் சித்தம்’ என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த வார்த்தைகளுக்குப் பிறகு நீங்கள் கதைப்பதை நிறுத்தியிருப்பீர்கள்.

சுயநலம் இல்லையா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்னை நான் தண்டிப்பதை நிறுத்தினால் அக்காவை விட்டுவிட்டேன் என்றாகிவிடுமோ என்ற பயம். நீங்கள் அக்காவிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். அன்றிலிருந்து அவருடைய இடத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாமல், இரவில் தூங்காமல், மெஷினைத் தொடாமல். அந்த இடத்தை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. தங்கைமார் அதை விடவும் மாட்டார்கள். பட்டினியாலும் தூக்கமின்மையாலும்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம் இருக்கிறது. மகன் கேட்டான், நீங்கள் பதில் சொன்னீர்கள். ‘இல்லடா, நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்.’ யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பிள்ளையின் வாயிலிருந்து கேள்வி வந்து முடிவதற்குள் கை நீண்டு அவனைக் கட்டிக்கொண்டுவிட்டது. இரக்கமே வராத ஆள் என்று உங்களைப் பற்றி எழுதிவிட்டு, அதே தாளில் இதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேடுகிற தன்பரிவு இதுதான். புதிதாக எங்கிருந்தும் வரவழைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே, உங்கள் வாயிலேயே இருக்கிறது. அது போக வேண்டிய இன்னொரு முகவரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

ஒரு துண்டுத் தாளை எடுங்கள். அலுவலகக் கணக்குத் தாளாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு, மகனுக்குச் சொன்ன அந்தப் பதிலை அதே தொனியில் எழுதுங்கள். ‘இல்லடி, நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அம்மா. உனக்கு என்ன தெரியும்.’ அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரவில் அந்த வசனம் கேட்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மெதுவாக வாசியுங்கள். நம்ப வேண்டியதில்லை. நம்பிக்கை வரவேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வாசித்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். அவ்வளவே. குமட்டல் வந்தால் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து, விளக்கைப் போட்டு, இரண்டு பாதத்தையும் சீமெந்துத் தரையில் அழுத்தி நில்லுங்கள். குளிர் தெரியும். மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். உள்ளே போவதைவிட வெளியே போகும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சின் படபடப்பு இறங்கும். கண் திறந்தபடியே செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கலண்டரைப் பாருங்கள், இன்றைய திகதியை வாய்விட்டு வாசியுங்கள். உடம்புக்கு இது எந்த வருடம் என்று தெரிய வேண்டும்.

கையை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நெஞ்சில் வேண்டாம். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், வீதி கடக்கும்போது பிள்ளையைப் பிடிப்பது போல. அதுவும் பிடிக்காவிட்டால் சூடான பிளேன் டீ கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் போதும். பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பேர்ட் நீண்ட காலமாகச் சொல்லிவரும் விஷயம் இது: அபாயத்தைக் கண்டு துடிக்கிற ஓர் அமைப்பு நமக்குள் இருப்பது போல, ஆறி அமர்கிற இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவதை வார்த்தையால் மட்டுமில்லாமல் சூட்டாலும் தொடுகையாலும் குரலாலும் தொட்டு எழுப்பலாம். வெட்கமும் சுயநிந்தனையும் மிகுந்தவர்களுக்குக் கனிவே பயமாகத் தோன்றும் என்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ‘ஐ லவ் மைசெல்ஃப்’ என்று நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்? உங்கள் அம்மா உங்களிடம் ‘ஐ லவ் யூ’ என்று சொல்லியிருப்பாரோ தெரியாது, ஆனால் ‘சாப்பிட்டியா?’ என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அன்பு நமக்கு அந்த உருவத்தில்தான் வந்திருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சாப்பாடு இறங்காவிட்டால் சோற்றோடு போராட வேண்டாம். கஞ்சி குடியுங்கள், அரைக் கோப்பை போதும். காய்ச்சலில் கிடக்கும் அக்காவுக்கு எப்படிக் கொடுத்திருப்பீர்களோ, அந்தப் பொறுமையோடு.

மகன் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்பான். நீங்கள் உங்களையே குற்றம் சொல்வதை அவன் எங்கோ உணர்ந்திருக்கிறான், பிள்ளைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். இதைச் சொல்லி இன்னொரு குற்றத்தை உங்கள் தலையில் ஏற்றவில்லை. அடுத்த தடவை கேட்கும்போது, “குண்டு கொண்டுவந்த ஆளாலதான் பெரியம்மா செத்தாங்க” என்று நேராகச் சொல்லுங்கள். “நீ அழுததாலதான் நாம தப்பினோம்” என்று சொல்ல வாய் வரும். சொல்ல வேண்டாம். நன்றியோடு சொன்னாலும் அது பத்து வயதுத் தோளுக்குப் பாரம். அவன் அழுதது வேர்த்ததால். பிள்ளைகள் வேர்த்தால் அழுவார்கள்.

ஒரு காரியத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து வையுங்கள். உங்களுக்கு வருடத்தில் ஒரு நினைவு நாள் அல்ல, இரண்டு வருகின்றன. உயிர்த்த ஞாயிறு திருநாள் நகரும்: 2024 இல் மார்ச் 31, 2025 இல் ஏப்ரல் 20. ஏப்ரல் 21 நகராது. அதே காலத்தில் சித்திரைப் புத்தாண்டும் வந்து, சுப நேரத்துக்கு நகரம் முழுக்கப் பட்டாசு வெடிக்கும். அந்தக் கிழமைகளில் தூக்கம் கெட்டால், ‘திரும்பவும் பழையபடி ஆகிவிட்டேன்’ என்று எண்ணாதீர்கள். அந்தக் காலம் வருவதை உடம்பு நாள்காட்டி பார்க்காமலே அறியும். பட்டாசு நேரம் பத்திரிகையில் முன்பே வந்துவிடும். அதைப் பார்த்து வைத்து, அந்த நேரத்தில் வானொலியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு கணவரையும் மகனையும் பக்கத்தில் வைத்திருங்கள். முடிந்தால் அந்த இரண்டு நாளும் ஊருக்குப் போய்விடுங்கள். அது ஓடி ஒளிவதல்ல. கோவிலுக்குத் திரும்பப் போவதும் உங்கள் விருப்பம். கொச்சிக்கடைக் கோவில் 2019 ஜூன் 12 இல் திரும்பத் திறக்கப்பட்டு எத்தனையோ பேர் உள்ளே போய் வருகிறார்கள். அவர்கள் போகிறார்களே என்பதற்காக நீங்கள் போக வேண்டியதில்லை. வேறு கோவிலில் பூசை காணலாம். வாசலுக்கு வெளியே நின்று மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பலாம். யாராவது ‘துணிஞ்சு போய்ப் பாரு’ என்று இழுத்தால், இன்னும் இல்லை என்று சொல்லுங்கள்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் தூக்கம் கெட்டு, சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டு, சாப்பாடும் இறங்காவிட்டால், இங்கே நான் எழுதியது மட்டும் போதாது. இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. மனவடுவை மையமாகக் கொண்ட சிந்தனை – நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்தது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவ கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம். மனநல வைத்தியசாலை இருக்கும் ‘அங்கொடை’ என்ற பெயரைக் கேலியாகச் சொல்லியே வளர்ந்த நகரம் இது என்று எனக்குத் தெரியும். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பேர் வலியோடு வீட்டுக்குள் இருந்தார்கள் என்பதும் தெரியும். அங்கே இருக்கும் தேசிய மனநல நிறுவனம் நடத்தும் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். எங்கே போனாலும் முதல் வார்த்தையாகவே, “நான் தமிழில் கதைக்க வேண்டும்” என்று கேளுங்கள். ‘கொஞ்சம் இடத்தைப் பாத்துக்கங்க’ என்ற வசனத்தை இன்னொரு மொழியில் மொழிபெயர்த்து அழ முடியாது. அக்காவோடு நானும் போயிருக்கலாமே என்ற எண்ணம் எப்போதாவது செத்துப்போக வேண்டும் என்ற எண்ணமாக மாறினால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே அழையுங்கள், கணவரையும் எழுப்புங்கள்.

அந்தத் தையல் மெஷின் விஷயம். அதைத் திறக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சிகிச்சை தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சாப்பாடு ஒழுங்காக இறங்கிய பிறகு பார்க்கலாம். அப்போதும் தைப்பதற்காக அல்ல. இத்தனை வருடம் ஓடாத மெஷினுக்குள் பழைய எண்ணெய் பசை போல இறுகியிருக்கும். மோட்டரைப் போட்டால் நூலும் அறும், ஊசியும் உடையும். பெட்ஷீற்றை மடித்து வைத்துவிட்டு, தூசியைத் துடைத்து, மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். பிறகு பக்கச் சில்லைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். முதல் நாள் அரைச் சுற்றுத்தான் வரும். மகனைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பெரியம்மா இதில் என்னென்ன தைத்தார் என்று அவன் கேட்பான். அவனுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு காலைநேரம்தான். அவனுடைய ஞானஸ்நானச் சட்டையை யார் தைத்தார்கள், கைமடிப்பை எத்தனை தடவை பிரித்துத் தைத்தார், எதற்குக் கோபப்பட்டார், எதற்குச் சிரித்தார் என்று நீங்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

எழுதுங்கள். மெஷின் எத்தனை சுற்று வந்தது என்றும் எழுதுங்கள்.